தெரிவின் அறம்

அரிதாகிய ஒன்றைப் பலர் வேண்டி நிற்குமிடத்து அதனை எவருக்குக் கொடுப்பது என்னும் வினா மிகப் பழையது. பங்குக் கிணற்றில் இறைப்பு முறைக்காகக் காத்திருந்த தோட்டக்காரரும் அதனை எதிர்கொண்டனர். ஆலயத்தில் முதல் மரியாதை யாருக்கு என்று வழக்காடியோரும் எதிர்கொண்டனர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அவ்வினா கடந்த அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெரும்பாலும் ஒரே வடிவில் கேட்கப்பட்டு வந்துள்ளது. மருத்துவம் கற்பதற்கான இடம் யாருக்கு உரியது என்பதே அது.

உயர்தரப் பரீட்சையின்போது கேட்கப்படும் இவ்வினா, பட்டம் பெற்று ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் முடித்த இளம் வைத்தியரிடம் இரண்டாம் முறையாக வந்து நிற்கின்றது. இலங்கையின் அரச சேவையில் விசேட வைத்திய நிபுணராக விரும்புபவருக்கு வழி பெரும்பாலும் ஒன்றே. கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததாக 1980இல் நிறுவப்பெற்ற பட்டப்பின் மருத்துவ நிறுவனம் நடத்தும் தெரிவுப் பரீட்சையில் அவர் தேறவேண்டும். தேறுதல் மட்டும் போதாது. அவ்வாண்டுக்கென வகுக்கப்பட்ட சிறு தொகையினருள் ஒருவராக வருதலும் வேண்டும். அதன்பின் பல ஆண்டுப் பயிற்சியும், இறுதிப் பரீட்சையும், பெரும்பாலான துறைகளில் ஓராண்டளவான வெளிநாட்டுப் பயிற்சியும், ஈற்றில் நிபுணர் என்ற சான்றும் வரும். பல்கலைக்கழக அனுமதியின்போது மாணவனின் மாவட்டம் நோக்கப்படுகின்றது. இவ்விரண்டாம் வாயிலில் அது நோக்கப்படுவதில்லை. புள்ளி ஒன்றே பேசுகின்றது.

இவ்வாறு தெரிவானவர் தாம் பெற்ற இடத்தைத் தமது உழைப்பின் ஊதியமாகக் கருதுவது இயல்பே. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் படித்தவர். விழித்திருந்த இரவுகளை எண்ணிச் சொல்லவல்லவர். அவரிடம் சென்று, 'இவ்விடம் உம்முடையதா?' என்று வினவுவது மரியாதைக் குறைவாகவும் தோன்றலாம். ஆயினும் அறவியல் நோக்கில் வினவவேண்டிய வினா அதுவேயாகும். ஏனெனில், ஓர் இடம் யாருடையது என்பது அது எதற்காக உண்டாக்கப்பட்டது என்பதனை அறிந்த பின்னரே விடைகாணத்தக்கது.

இவ்விடத்துத் தமிழ்ச் சொல்லொன்று துணைபுரிகின்றது. 'தகுதி' என்பது 'தகு' என்னும் அடியாகப் பிறந்தது. பொருந்துதல் என்பது அதன் உட்பொருள். பொருந்துதல் என்றால் எதனோடு பொருந்துதல் என்ற கேள்வி உடன் எழும். ஒன்றுக்கும் பொருந்தாத தனித் தகுதி என ஒன்றில்லை. ஆங்கிலத்தினின்று வந்து நம்மவர் நாவில் வழங்கும் 'மெரிற்' என்னும் சொல்லோ உழைத்துப் பெறுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. அதனுட் கூலியின் மணம் உண்டு. பல்கலைக்கழக அனுமதி பற்றிய வாதங்கள் அனைத்திலும் தமிழர் 'தகுதி' என்று எழுதி 'மெரிற்' என்று பொருள்கொண்டு வந்திருக்கின்றனர் எனல் மிகையாகாது.

திருக்குறளின் 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரம் ஆட்களைத் தெரிந்து பணியில் அமர்த்தும் முறையைக் கூறுவது. அதில் யாவரும் அறிந்த குறளொன்றின் சொல்வைப்பு முறை கருதத்தக்கது. செய்யவேண்டிய வினை முதலில் நிற்கின்றது. அதனை முடிக்கும் வழி அடுத்து நிற்கின்றது. ஆள் மூன்றாவதாகவே வருகின்றான். ஆளை முதலில் நிறுத்தி, 'இவனுக்கு என்ன கொடுக்கலாம்?' என்று வள்ளுவர் தொடங்கவில்லை. கிரேக்க நாட்டு அரிஸ்டோட்டிலும் தமது 'அரசியல்' என்னும் நூலின் மூன்றாம் பகுதியில் இதனையொத்த நியாயத்தைக் குழல்களைக் கொண்டு விளக்குகின்றார். சிறந்த குழல் யாருக்கு என்றால், சிறப்பாக ஊதுபவனுக்கு. குலத்தாலோ அழகாலோ செல்வத்தாலோ உயர்ந்தவனுக்கு என்பது விடையாகாது. குழல் உண்டானது இசைக்காக. அவ்வாறாயின் சத்திரசிகிச்சைப் பயிற்சி இடமொன்று உண்டானது எதற்காக என்று கேட்டால், விடை நோயாளியிடத்திற் சென்று முடியும். பரீட்சார்த்தியிடம் அது முடிவதில்லை.

இவ்வளவும் எளிதாகவே ஒப்புக்கொள்ளப்படும். இதனை யாழ்ப்பாணத்தின் சொந்த வரலாற்றோடு பொருத்திப் பார்க்கும்போதுதான் சங்கடம் தொடங்குகின்றது.

1971ஆம் ஆண்டு அனுமதியின்போது மருத்துவ பீடங்களுக்கான ஆகக் குறைந்த புள்ளி, தமிழ்மொழி மூலம் தோற்றியோருக்கு 400இற்கு 250 ஆகவும் சிங்களமொழி மூலம் தோற்றியோருக்கு 229 ஆகவும் வகுக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. விஞ்ஞானம் சார்ந்த துறைகளுக்கு அனுமதி பெற்றோருள் 1970இல் ஏறத்தாழ 35 வீதமாயிருந்த தமிழரின் பங்கு 1975 அளவில் 19 வீதமாகக் குறைந்தது. ஒரு தலைமுறையின் உள்ளத்தில் இது ஏற்படுத்திய காயத்தின் அரசியல் விளைவுகள் யாவரும் அறிந்தவை, ஈண்டு விரிக்கவேண்டுவதில்லை.

அக்காயம் நியாயமானது. ஆயினும் அது எந்தக் காரணத்தால் நியாயமானது என்பதில் தெளிவு வேண்டும். 240 புள்ளி பெற்றும் வீட்டிலிருந்த தமிழ் மாணவனின் முறைப்பாடு, 'நான் உழைத்துப் பெற்றதைப் பறித்துவிட்டனர்' என்ற வடிவிலேயே பெரிதும் ஒலித்தது. இவ்வடிவு உணர்ச்சிக்கு வலுவூட்டுவது. நியாயத்திற்கோ அத்துணை வலுவானதன்று. உடைமை என்ற அடிப்படையில் வழக்காடத் தொடங்கினால், எதிர்வழக்காளி உடனே வேறு கணக்குகளைக் கொண்டுவருவான். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆய்வுகூடங்கள் இருந்தன. மிசனரிமார் வைத்துச்சென்ற மரபு இருந்தது. மொனராகலைச் சிறுவனுக்கு அவை இருக்கவில்லை. அவ்வாறாயின் அந்த 240 புள்ளியில் மாணவனின் பங்கு எவ்வளவு, பாடசாலையின் பங்கு எவ்வளவு? 1971ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் றோல்ஸ் தமது நீதிக் கோட்பாட்டு நூலை வெளியிட்டு, பிறவித் திறனும் வாய்த்த சூழலும் எவரும் தாமாக ஈட்டியவை அல்ல என்று வாதிட்டமை காலத்தின் ஒரு விசித்திரப் பொருத்தம். உழைக்கும் ஆற்றலே கூட வளர்ப்பினால் வருவது என்று அவர் கூறும்போது, கூலிக் கணக்கின் அடித்தளமே ஆட்டங்காண்கின்றது.

1971இன் அநீதிக்கு இதனினும் உறுதியான காரணம் ஒன்றுண்டு. விடை எழுதப்பட்ட மொழி, எழுதியவன் எத்தகைய வைத்தியனாவான் என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எந்த நோயாளிக்கும் அதனால் ஒரு நன்மையும் விளையவில்லை. பணியோடு தொடர்பற்ற ஓர் அடையாளத்தைக் கொண்டு பணிக்கான ஆளைத் தெரிந்தமையே அங்கு நிகழ்ந்த பிழை. குழலை ஊதத் தெரிந்தவனிடமிருந்து எடுத்து, அவன் பேசும் மொழிக்காக வேறொருவனிடம் கொடுத்தாற் போன்றது அது. இக்காரணத்தை முன்வைத்து வாதிடுபவர் ஒரு விலையைக் கொடுத்தல் வேண்டும். இடம் நோயாளிக்காக உள்ளது என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், பெற்ற பின்னரும் அவ்வாறே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். விலை கருதியோ என்னவோ, அவ்வாதம் யாழ்ப்பாணத்தில் அதிகம் எழவில்லை.

மாவட்ட ஒதுக்கீடு இதனின் வேறுபட்டது. அதனால் இழந்தது யாழ்ப்பாணம் மட்டுமன்று, கொழும்பும் இழந்தது. இன்று விஞ்ஞானத் துறைகளில் ஏறத்தாழ 40 வீத இடங்கள் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. பிரிந்து தனி மாவட்டமான பின்னர், குடாநாட்டவர் எந்த ஏற்பாட்டை அநீதி என்றனரோ அதே ஏற்பாட்டினாலேயே கிளிநொச்சியின் தமிழ்ப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துட் புகுந்தனர். முல்லைத்தீவு, மன்னார் நிலையும் இதுவே. குடாநாட்டின் சிறந்த பாடசாலைகளிற் கற்றுவிட்டுப் பரீட்சைக்கு மட்டும் வன்னிக்கோ மலையகத்துக்கோ சென்று தோற்றும் தந்திரமும் வழக்கில் வந்தது; அதனைத் தடுப்பதற்காகவே பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டுகளில் பெரும்பகுதி கற்ற பாடசாலையைக் கொண்டு மாவட்டம் தீர்மானிக்கப்படுகின்றது. கொழும்பு யாழ்ப்பாணத்துக்குச் செய்ததைப் பற்றிப் பேசிய வாய்கள், யாழ்ப்பாணம் கிளிநொச்சிக்குச் செய்ததைப் பற்றி அத்துணை உரக்கப் பேசியதாகத் தெரியவில்லை.

மாவட்ட ஒதுக்கீட்டைப் பணியின் நோக்கிலிருந்தே நியாயப்படுத்தலாம். முல்லைத்தீவிற் பிறந்தவர் முல்லைத்தீவுக்குத் திரும்புவார், அங்குள்ள நோயாளி பயன்பெறுவார் என்ற எதிர்பார்ப்பே அந்நியாயம். ஆனால் அத்திட்டத்தில் அவ்வாறு திரும்பவேண்டும் என்ற நிபந்தனை ஒருபோதும் இருந்ததில்லை. பின்தங்கிய மாவட்டத்தின் பெயரால் இடம்பெற்றவர் அம்மாவட்டத்துக்கு எதனையும் கொடுக்கவேண்டியதில்லை. ஆகவே சலுகையும் ஈற்றில் ஒரு பரிசாகவே முடிந்தது. திறமை அடிப்படையில் நுழைந்தவர் தமது புள்ளிக்குப் பரிசு பெற்றார். மாவட்ட அடிப்படையில் நுழைந்தவர் தமது பின்னடைவுக்குப் பரிசு பெற்றார். நோயாளி இருவர் கணக்கிலும் இல்லை.

அமெரிக்காவில் இதே வழக்கு வேறு உருவில் நடந்தது. கலிபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மையோருக்கென ஒதுக்கியதை எதிர்த்து அலன் பக்கி என்பவர் தொடுத்த வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்தது. நிலையான ஒதுக்கீடு கூடாது, ஆனால் இனத்தைப் பல காரணிகளுள் ஒன்றாகக் கருதலாம் என்பது அத்தீர்ப்பு. 2023இல் அவ்விடைவழியும் பெரிதும் அடைக்கப்பட்டது. அவ்வழக்கிலும், பின்தங்கிய சமூகங்களுக்கு வைத்தியர் கிடைப்பர் என்று கல்லூரி கூறியதை நீதிபதி பவல் ஆராய்ந்து, அவ்வாறு கிடைப்பர் என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்று ஒதுக்கினார். நோயாளியின் பெயர் சொல்லப்பட்டது. சான்றாக எதுவும் காட்டப்படவில்லை.

தெரிவு செய்யும்போதே திரும்பிவருதலையும் உறுதிசெய்ய முயன்ற ஒருவர் யாழ்ப்பாண வரலாற்றில் உண்டு. அவர் அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் இலங்கை வந்து, மானிப்பாயைத் தமது தளமாகக் கொண்டு, 1873 வரை இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக அங்கு பணிபுரிந்தவர். சிறு தொகையான மாணவரைத் தெரிந்தெடுத்து மேலைத்தேய மருத்துவத்தைப் பயிற்றினார். அவரிடம் பயின்று வெளியேறியோர் அறுபதுக்கு மேற்பட்டோர். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். பயின்றவர்கள் அரசாங்க உத்தியோகம் பெற்று வெளியிடங்களுக்குச் செல்வதைக் கண்டார். யாழ்ப்பாணத்துக் கிராமங்களோ முன்போலவே இருந்தன. 1862இல் விடுமுறை கழிந்து திரும்பிய அவர், 1864 அளவில் பயிற்றுமொழியைத் தமிழாக மாற்றினார். ஏறத்தாழப் பாதி மாணவர் அவ்வாறு தமிழிலேயே மருத்துவம் கற்றவர்கள்.

கிறீன் தமிழுக்குச் செய்த தொண்டு பற்றித் தமிழ் மாணவர் அறிவர். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அவரது முயற்சியின் பயன்கள். தாயகம் திரும்பிய பின்னரும் வூஸ்ரர் நகரிலிருந்து கொண்டு அச்சுப்படிகளைத் திருத்தியவர் அவர்; 1884இல் மறைந்தபின் அவரது கல்லறையில் தமிழருக்குப் பணியாற்றியவர் என்றே பொறிக்கப்பட்டது. விஞ்ஞானத் தமிழின் முன்னோடி என அவரைப் பாராட்டும் கட்டுரைகள் பலவுள. ஆயினும் அவர் தமிழைத் தெரிந்தமைக்குரிய நோக்கங்களுள் ஒன்று மொழிப்பற்றுக்கு அப்பாற்பட்டது என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. ஆங்கிலம் கற்ற வைத்தியன் உத்தியோகம் தேடிப் போவான். தமிழிற் கற்றவன் தன் ஊரிலே தங்கி, ஊரார் தரும் ஊதியத்தில் வாழ்வான் என்பது அவரது கணக்கு. கொழும்பில் 1870இல் ஆங்கிலமொழி மூலம் மருத்துவக் கல்லூரி தொடங்கிய காலத்தில், மானிப்பாயில் நிகழ்ந்தது அதற்கு நேர் எதிரான பரிசோதனை.

இப்பரிசோதனையின் அறநிலை எளிதாகத் தீர்க்கத்தக்கதன்று. ஒருபுறம், வினையை முதலில் வைத்து ஆளைத் தெரிந்த முறைக்கு இதனினும் தூய எடுத்துக்காட்டுக் கிடைப்பதரிது. கிராமத்து நோயாளியே தொடக்கம்; மாணவனும் பாடநூலும் பயிற்றுமொழியும் அந்நோயாளியிலிருந்து பின்னோக்கிக் கணிக்கப்பட்டன. மறுபுறம், மாணவனின் வாயிலைக் குறுக்கியே அவன் ஊரில் நிறுத்தப்பட்டான். உலகின் மருத்துவ அறிவு அன்று வளர்ந்துகொண்டிருந்த மொழிகள் அவனுக்கு எட்டாதவை ஆயின. புதிய நூல் வேண்டுமாயின் கிறீனோ அவரது உடனுழைப்பாளரோ மொழிபெயர்த்துத் தரவேண்டும். போகமுடியாமையால் தங்கியவனைத் தங்கினான் என்று கூறலாமா? கூண்டிலுள்ள கிளி வீட்டை விரும்புகின்றது என்பதற்கு அது பறவாமை சான்றாகாது. தமிழ்மொழி மூலக் கல்வியைப் பெருமையோடு ஆதரிப்போர் கூட, ஒருவனை ஓரிடத்துக் கட்டிவைக்கும் கயிறாகத் தம் மொழி பயன்பட்டது என்பதை மகிழ்ச்சியோடு ஏற்கமாட்டார். கிறீன் சென்றபின் அம்முயற்சி நீடிக்கவில்லை. அறிவு ஒருவரை விரிவுபடுத்தாமல் அவரிடம் கடமையை மட்டும் எதிர்பார்க்கும் ஏற்பாடு, ஆசிரியர் ஒருவரின் ஆளுமையில் தங்கி நிற்கலாம். தானே நிற்கமாட்டாது போலும்.

இருந்தும் கிறீன் கண்ட நோய் பொய்யானதன்று. நூறாண்டுக்குப் பின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் தொடங்கப்பட்டபோது, இடங்களைப் பற்றிய வழக்குக்கு இடங்களைப் பெருக்குதல் என்னும் வேறொரு விடை கிடைத்தது. அது நல்ல விடை. ஆனால் தொடங்கி ஐந்தாண்டு கழியுமுன் 1983 வந்தது. விரிவுரையாளரும் நிபுணரும் நாட்டைவிட்டு நீங்கினர். மாணவர் ஆண்டுக்கணக்காக இறுதிப் பரீட்சைக்குக் காத்திருந்தனர். 1987 அக்டோபரில் யாழ் வைத்தியசாலையினுள் வைத்தே வைத்தியரும் தாதியரும் நோயாளரும் கொல்லப்பட்டனர். இத்தகைய காலத்தில் நீங்கியவரை எவரும் குறைகூறற்கில்லை. உயிரச்சத்தை எந்த அறநூலும் குற்றமாக எண்ணவில்லை.

அவ்வாண்டுகளில் எதிர்த்திசையில் வந்த ஒருவரைக் குறிப்பிடாது விடுதல் இயலாது. உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம 1983இல் உயர்கல்விக்கான புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்தின் லிவர்பூலுக்குச் சென்றார். 1986இல் கலாநிதிப் பட்டத்துடன் யாழ்ப்பாணம் திரும்பி, உடற்கூற்றியல் துறையின் தலைமையை ஏற்றார். 1989 செப்டெம்பர் 21ஆம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது அரசியற் கருத்துக்கள் பற்றி உடன்படுவோரும் முரண்படுவோரும் உளர். இக்கட்டுரைக்கு வேண்டியது ஒரு சிறு செய்தி மட்டுமே. அவருடைய வாயில் திறந்தேயிருந்தது. தங்கக்கூடிய நாட்டில், அங்கு செல்லுபடியாகும் பட்டத்தோடு நின்றவர் அவர். கிறீனின் மாணவர் தங்கியதற்கும் இவர் திரும்பியதற்கும் உள்ள வேறுபாடு இதிலேயே அடங்கியுள்ளது. அவர்களை ஏற்பாடு நிறுத்தியது. இவர் தாமே வந்தார். ஆனால் இதனை எல்லார் மீதும் விதியாக விதித்தல் கொடுமையாகும். உயிரைப் பணயம்வைக்கும் கடமையை ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளலாம். பிறர் அவருக்கு விதித்தல் ஆகாது.

கட்டாயத்துக்கும் தியாகத்துக்கும் இடையில் அரசு கண்டுபிடித்த கருவி ஒப்பந்தப் பிணை. வெளிநாட்டுப் பயிற்சிக்குச் செல்லும் வைத்தியர் திரும்பிவந்து குறிப்பிட்ட காலம் சேவை செய்வதாகக் கையொப்பமிட வேண்டும். தவறின் பணம் செலுத்த வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடியின் பின் பெருந்தொகையான வைத்தியர் நாட்டைவிட்டு வெளியேறியபோது இப்பிணை பற்றிய பேச்சு மிகுந்தது. பிணை ஒரு நுண்ணிய அறமாற்றத்தைச் செய்கின்றது. கடமையாக இருந்ததைக் கடனாக மாற்றுகின்றது. கடனை அடைத்தவர் நிமிர்ந்து நடக்கலாம். எவருக்கும் எதுவும் கொடுக்கவேண்டியதில்லை. பவுண்களில் ஊதியம் பெறுபவருக்கு ரூபாவில் வகுத்த தொகை பெருஞ்சுமையும் அன்று. ஆனால் அவருக்காகச் செலவானது பணம் மட்டுமா? பயிற்சிக் காலத்தில் அவரது கத்தியின் கீழ்க் கிடந்து, அவரது முதற் பிழைகளைத் தம் உடலில் ஏற்ற நோயாளர் உளர். அரச வைத்தியசாலையின் வறிய நோயாளரே அவர்கள்; தனியார் வைத்தியசாலைக்குச் செல்லும் வசதியுடையோர் அல்லர். எந்த நிபுணரின் கையும் அவ்வாறான உடல்களிலேயே பழகியது. அவர்கள் பெயரில் பிணை எழுதப்படவில்லை. அக்கணக்கைத் திறைசேரிக்குக் கட்டித் தீர்த்தல் கூடாது.

இங்கு ஒரு மறுப்பு எழும். அதனைத் தட்டிக்கழித்தல் நேர்மையன்று. வைத்தியரிடம் மட்டும் இவ்வளவு கேட்பது ஏன்? பொறியியலாளர் கனடாவுக்குச் செல்கின்றார், கணக்காளர் அவுஸ்திரேலியாவுக்குச் செல்கின்றார். அவர்கள் பற்றி எந்தச் சங்கமும் கட்டுரை வெளியிடுவதில்லை. வைத்தியருக்கும் பிள்ளைகள் உளர். பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும். கேட்கும் சமூகத்தின் கைகளும் தூய்மையானவை அல்ல. உயர்தரப் பெறுபேறு வெளியானதும் தனியார் கல்வி நிலையங்கள் மருத்துவ பீடத்துக்குத் தெரிவானோரின் படங்களைச் சந்திகளிற் பெரிதாகக் கட்டுகின்றன. ஆறாண்டின் பின் அவர்கள் எங்கே பணிபுரிகின்றனர் என்பதை எந்தப் பதாகையும் சொன்னதில்லை. கல்யாணச் சந்தையில் டொக்டர் மாப்பிள்ளைக்கு விலை உண்டு. இலண்டனில் இருக்கும் டொக்டர் மாப்பிள்ளைக்கு விலை இன்னும் கூட. கிளிநொச்சியில் நிபுணர் இல்லையே என்று அங்கலாய்க்கும் அதே வீடு, தன் மருமகன் கிளிநொச்சியில் இருப்பதை விரும்புவதில்லை. பரிசாகவே கருதி வளர்த்துவிட்டுப் பணியாகக் கருதவில்லையே என்று வைத்தியரைக் குறைகூறுவது பொருந்தாது. மறுப்பு வலுவானதுதான். எனினும் குற்றம் பலருக்குரியது என்று அது காட்டுகின்றதேயன்றி, குற்றம் இல்லை என்று காட்டவில்லை.

தெரிவானவரின் மனப்பாங்கை மாற்றக்கூடிய வழியொன்றைப் பழந்தமிழகம் அறிந்திருந்தது. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டவை, ஊர்ச்சபை வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்த முறையை விவரிக்கின்றன. நிலம், வீடு, கல்வி, வயது முதலிய தகுதிகள் முதலில் நோக்கப்பட்டன. அண்மையிற் பதவி வகித்தோரும் கணக்குக் காட்டாதோரும் விலக்கப்பட்டனர். எஞ்சியோரின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். தகுதியுடையோர் பலராயின், அவர்களுள் யார் என்பதைத் திருவுளத்துக்கு விட்டனர். அக்காலத் தகுதிகளுட் பல இன்று ஏற்கத்தக்கன அல்ல; நிலமற்றவன் அங்கு நிற்கவும் முடியாது. முறையின் உட்கருத்து மட்டுமே ஈண்டு வேண்டப்படுவது. நெதர்லாந்து 1972 முதல் பல பத்தாண்டுகள் மருத்துவக் கல்லூரி இடங்களைப் புள்ளிக்கேற்ப வாய்ப்பைக் கூட்டிக் குறைத்துச் சீட்டுக்குலுக்கியே வழங்கியது என்பதை அறியும்போது, இது வெறும் பழங்கதை அன்று என்பது புலனாகும்.

குடவோலையை இலங்கையிற் புகுத்தவேண்டும் என்று கூறுவதற்கு இது எடுத்துக்காட்டப்படவில்லை. பெற்றோர் தெருவில் இறங்கிவிடுவர். குடத்திலிருந்து வந்த ஓலையைப் பெற்றவன், 'இது முற்றிலும் என் உழைப்பு' என்று சொல்லமாட்டான் என்பதே கருதத்தக்கது. இன்றைய அனுமதியில் வெட்டுப்புள்ளி தசமத்தின்பின் நான்கு இலக்கம் வரை கணிக்கப்படுகின்றது. கடைசியாக உள்ளே வந்தவருக்கும் முதலாவதாக வெளியே நின்றவருக்கும் உள்ள வேறுபாடு அந்நான்காம் இலக்கத்தில் இருக்கக்கூடும். அவ்விலக்கத்தில் ஒருவரின் உழைப்பு எவ்வளவு, அன்று காலை அவருக்குத் தலையிடி இல்லாதிருந்தமை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வல்லவர் யார்? குடம் இங்கும் உண்டு. தசமங்களால் அது மறைக்கப்பட்டிருக்கின்றது.

2009இன் முதல் மாதங்களில் வன்னியின் இறுதி நிலப்பரப்பில், புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும், பாடசாலைக் கட்டடங்களை வைத்தியசாலையாக்கிச் சிகிச்சை செய்தோர் ஒரு சில அரச மருத்துவர்களே. அவர்களிடம் எவரும் தெரிவுப் பரீட்சையில் எத்தனையாவது இடம் என்று கேட்கவில்லை. நாட்டின் நிபுணர் பட்டியல் அவ்வாண்டும் வழக்கம்போல் வெளியாகியிருக்கும். அப்பட்டியலின்படி அவ்விடத்துக்குரியவர் யார் என்பதும் எங்கேனும் ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கலாம்.

போர் முடிந்த பின்னரும் பட்டியலின் நியாயம் மாறவில்லை. தெரிவுப் பரீட்சையில் தேறியோர் தமது பயிற்சி நிலையத்தைத் தகுதிநிரலின்படியே விரும்பித் தெரிகின்றனர். முதலாவதாக வந்தவர் முதலில் தெரிவார். பெரிய நகரங்களின் பெரிய வைத்தியசாலைகள் முதலில் நிறையும். நிபுணர் நியமனத்திலும் நிரலே முந்துகின்றது. தொலைமாவட்டங்கள் பெரும்பாலும் எஞ்சியவையாகக் கீழே நிற்கின்றன. நிரலின் கடைசியில் வந்தவர், வேறு வழியின்மையால், அவற்றை ஏற்கின்றார். அடுத்த இடமாற்றத்துக்கு விண்ணப்பத்தையும் உடனே ஆயத்தம் செய்கின்றார். முல்லைத்தீவில் நிபுணர் இல்லாத நாளில் நோய்வாய்ப்பட்டவர், பரந்தன் வழியாக நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைப் பேருந்திற் கடந்து, அதிகாலையிலே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் இலக்கத் துண்டு பெறுவதற்காக வரிசையில் நிற்கின்றார். அவ்வரிசை வந்த ஒழுங்கிலேயே நகர்கின்றது.